கீழ்க் கடைவாயில் மூன்று பல் இல்லை, என்ன கட்டலாம்?

அம்மாவுக்கு அடுத்தடுத்து மூன்று கடைவாய்ப் பற்கள் இல்லை, ரொட்டியைத் தேத்தண்ணீரில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறார், பாலம் (இரண்டு பக்கப் பற்களையும் பிடித்து நடுவில் நிற்கும் செயற்கைப் பல்) கட்டலாமா என்று ஹட்டனில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். பாவம், முதலில் அந்த இடைவெளிக்குப் பின்னால் பல் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பாலம் சரிவராது. இரண்டு பக்கமும் தாங்கும் பல் வேண்டும். அப்படிப் பல் இருந்தாலும், அந்த நல்ல பல்லைச் சீவித்தான் உறை போடுவார்கள், மூன்று பல்லின் சுமையும் அதன்மேல் விழும். எனக்கு அதில் மனமில்லை.

இம்பிளாண்ட் என்றால் தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் வைப்பது; எலும்பு நன்றாக இருந்தால் இரண்டு திருகே மூன்று பல்லைத் தாங்கும். எலும்போடு ஒட்டச் சில மாதங்கள் ஆகும். வெற்றிலையோடு புகையிலை போடுவாரா, சீனி வருத்தம் உண்டா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், இவை அந்த ஒட்டுதலைக் கெடுக்கலாம். செலவு தாங்காவிட்டால் கழற்றி மாட்டும் பல் செட் இருக்கிறது. இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். பேராதனைப் பல் வைத்தியசாலையில் ஒருமுறை காட்டுங்கள்.