சிட்னி பயனர்களுக்குத் தளம் தாமதமாவது குறித்து

பிராங்க்பர்ட் சர்வரின் திறனை இருமடங்காக்கிய பிறகும் சிட்னி பயனர்களுக்குப் பக்கம் தாமதமாகவே திறக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அங்கு மட்டும் தாமதம் என்றால், தடை பெரும்பாலும் தூரமே. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. மட்டுமே செல்வதால், ஏறத்தாழ 16,500 கி.மீ. தொலைவுக்கு ஒருமுறை போய்வரவே 165 மில்லிநொடி ஆகும். டிசிபி இணைப்பை ஏற்படுத்த ஒன்று, டிஎல்எஸ் 1.3 மறையாக்கத்தை அமைக்க ஒன்று, பக்கத்தைக் கேட்கும் கோரிக்கைக்கு ஒன்று என மூன்று முறை போய்வந்த பின்னரே பக்கத்தின் முதல் பைட் கிடைக்கும்.

ஆகவே சிட்னியில் முனையம் உள்ள சிடிஎன் சேவை (பக்கங்களின் நகலைப் பயனருக்கு அருகிலுள்ள சர்வர்களில் தேக்கி வைத்து வழங்குவது) ஒன்றை உங்கள் சர்வருக்கு முன்னால் நிறுத்துங்கள். உள்நுழையாதவர்களுக்கான எச்டிஎம்எல் பக்கங்களையும் அதில் தேக்க விரும்பினால், அவற்றுடன் செட்-குக்கி தலைப்பு (குக்கியைச் சேமிக்கும்படி உலாவிக்குச் சொல்லும் வரி) போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள் (பலர் கோட்டைவிடுவது இங்கேதான்), ஏனெனில் அது இருந்தால் பல சிடிஎன்கள் பக்கத்தைத் தேக்குவதில்லை. தரவுத்தளப் பிரதியைச் சிட்னியில் அமைப்பதை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். ஏனெனில் தரவைச் சேர்க்கும், மாற்றும் கோரிக்கைகள் அப்போதும் பிராங்க்பர்ட்டுக்கே வந்தாக வேண்டும்.