சர்வே டேட்டாவைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்

கேள்வி: பெங்களூருவில் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். கிராமக் குடும்பங்களின் கடன் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். ஐஎச்டிஎஸ் என்ற இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின் சர்வே டேட்டாவை அமெரிக்கக் காப்பகத்திலிருந்து எடுத்துத் தர ஒரு ப்ராஜெக்ட் சென்டர் எட்டாயிரம் ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஐசிபிஎஸ்ஆர் என்ற சமூக அறிவியல் டேட்டா காப்பகத்தில் அது இலவசம். மின்னஞ்சல் தந்து கணக்குத் தொடங்கி, 36151 என்று தேடுங்கள். 2011-12 சுற்று வரும். 2004-05 சுற்றுக்கு 22626. விதிமுறைகளை ஏற்றால் ஜிப் கோப்பு இறங்கிவிடும். காசு கொடுத்து வாங்கும் புள்ளியியல் மென்பொருளான ஸ்டேட்டா இல்லாவிட்டால், இலவச மென்பொருளான ஆருக்குரிய வடிவத்தை எடுங்கள்.

சென்டர்காரர்கள் பெரும்பாலும் எக்செல்லாக மாற்றித்தான் தருவார்கள். விளக்கக் குறிப்புகள் உதிர்ந்து வெறும் 1, 2, 3 மட்டும் நிற்கும்; எது ஆம், எது இல்லை என்று தெரியாது. ஒவ்வொரு குடும்பமும் நாட்டில் எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்று காட்டும் வெயிட் நெடுவரிசையும் காணாமல் போயிருந்தால் நீங்கள் போடும் சதவீதம் எதுவும் செல்லாது. தவிர, டேட்டாவைப் பிறருக்குக் கைமாற்றுவதே காப்பக விதிக்கு விரோதம்.

கடன் குடும்பத்தின் பெயரில் பதிவாவது. ஆகவே குடும்பக் கோப்பில் வேலை செய்யுங்கள். 2011-12 சுற்றில் 42,152 குடும்பங்கள் உண்டு. தனிநபர் கோப்பில் 2,04,569 பேர். அதில் கடனை எண்ணினால் ஆறு பேர் உள்ள வீட்டின் ஒரே கடன் ஆறாகிவிடும். அதற்கும் முன்னால் சர்வேயின் வினாத்தாளைப் படியுங்கள். யாரிடம் வாங்கினார்கள், என்ன வட்டி என்பதெல்லாம் ஐந்தாண்டில் வாங்கிய மிகப் பெரிய கடனுக்கு மட்டுமே கேட்கப்பட்டிருக்கிறது. சின்னக் கைமாற்றுகளின் வட்டிதான் உங்கள் ஆய்வென்றால் இந்த டேட்டா உதவாது.

காப்பகத்தில் பூட்டிய கோப்புகளும் உண்டு. சில, உறுப்பு நிறுவனங்களுக்கு மட்டும். உங்கள் கல்லூரி உறுப்பினரா என்று நூலகரிடம் கேளுங்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய கோப்புகளுக்கு நிறுவனத்தின் கையெழுத்துடன் ஒப்பந்தம் வேண்டும், பெரும்பாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும். எம்.ஏ. கால அவகாசத்தில் அது நடக்காது. அப்படிப்பட்டதைத் தரகர் நீட்டினால் தொடாதீர்கள். வைத்திருப்பதே குற்றச்சாட்டுக்கு இடம் தரும்.

இன்னும் புதியது வேண்டுமா? 2019இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 77ஆவது சுற்று, கடன் முதலீட்டு ஆய்வு. புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் அதுவும் இலவசம். ஆனால் இடைவெளியே இல்லாத எண் வரிசைகளாக வரும். எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை எந்தக் கேள்வி என்பது தனிக் கோப்பில் இருக்கும். மக்கள் வரிப்பணத்தில் எடுத்த ஆய்வை மாணவர் திறக்க இவ்வளவு பாடா? தரகர்கள் பிழைப்பதே இதனால்தான். பல்கலைக்கழகங்களும் புள்ளியியல் தேர்வு வைக்கின்றனவே தவிர, ஒரு கோப்பைத் திறக்கக் கற்றுத் தருவதில்லை. உங்கள் துறையில் ஆர் தெரிந்த முனைவர் பட்ட மாணவர் யாராவது இருப்பார். ஒரு மதியம் அவரோடு உட்காருங்கள்.