பூத்தண்டு விட்ட முட்டைக்கோஸ்: வாசகர் கேள்விகள்

ஏப்ரல் பிறந்தாலே பிரிட்டன் வாசகர்களிடமிருந்து ஒரே புலம்பல்தான்: குளிரையெல்லாம் தாங்கிய முட்டைக்கோஸ் இப்போது பூக்கிறதே, என்ன செய்ய? இம்முறை வந்தவற்றில் சில.

கோவா (முட்டைக்கோஸ்) பனியிலும் பச்சையாகவே நின்றது. இப்போது நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பி இடுப்பளவு வந்துவிட்டது. அதை வெட்டிவிட்டால் மறுபடி உருண்டை கட்டுமா? (ஹாரோ வாசகி)

கட்டாது அம்மா. முட்டைக்கோஸ் இரண்டு வருடச் செடி. முதல் வருடம் இலை, அடுத்த வருடம் பூவும் விதையும், அதோடு ஆயுள் முடிந்தது. தண்டு பென்சில் பருமனைத் தாண்டிய செடிக்கு 10 டிகிரிக்குக் கீழே பல வாரம் குளிர் பட்டால், குருத்து இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூவுக்குத் திரும்பிவிடும். உங்கள் செடி இதை மார்கழி, தையிலேயே முடிவு செய்துவிட்டது. வெயில் ஏறிய பிறகுதான் நம் கண்ணில் படுகிறது.

நடுத்தண்டை வெட்டினால் பக்கத்திலிருந்து நாலைந்து தண்டு வரும். வரட்டும், இனி அதுதான் உங்கள் அறுவடை. மொட்டுகள் பச்சையாக, இறுக்கமாக இருக்கும்போதே நுனியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஒடியுங்கள். சட்டென்று ஒடிந்தால் இளசு. வளைந்து கொடுத்தால் நார் விழுந்துவிட்டது. தோலைச் சீவி உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியை மட்டும் எடுங்கள். ருசி கிட்டத்தட்ட புரோக்கலி போலவே இருக்கும், இரண்டும் ஒரே இனம்தானே. பொடியாக அரிந்து, கடுகு, செத்தல் மிளகாய் தாளித்து, கடைசியில் தேங்காய்ப்பூ தூவி வறை செய்யுங்கள். நிறைய வேகவிட்டால் நாறும், ஐந்து நிமிடம் போதும். மஞ்சள் பூ ஒன்றிரண்டு விரிந்திருந்தாலும் சாப்பிடலாம்.

பூத்தண்டைப் பார்த்ததும் செடியையே பிடுங்கி எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. குளிர்காலக் காய்கள் முடிந்து புதுக்காய் வருவதற்குள் உள்ள இந்த ஏப்ரல், மே மாதங்களில் அலாட்மெண்டில் (வாடகைக்கு எடுத்துப் பயிரிடும் தோட்டத் துண்டில்) பறிக்க வேறு என்ன இருக்கிறது?

உருண்டை நன்றாகக் கட்டியது, ஆனால் போன வாரம் உச்சியில் வெடித்துவிட்டது. சாப்பிடலாமா? (லெஸ்டர்)

இன்றைக்கே வெட்டிச் சமையுங்கள். உள்ளே தண்டு முட்டுகிறது, அதனால்தான் வெடிப்பு. விட்டுவைத்தால் வெடிப்பில் மழைநீர் இறங்கி அழுகும்.

பக்கத்துப் பாத்திக்காரரும் நானும் ஒரே விதைப் பாக்கெட்டைப் பங்கிட்டுக்கொண்டோம். என்னுடையது மட்டும் பூத்துவிட்டது, ஏன்? (லண்டன், ஈஸ்ட் ஹாம்)

நீங்கள் ஜூன் கடைசியிலும் அவர் ஆகஸ்ட் நடுவிலும் விதைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். விடை அதிலேயே இருக்கிறது. முந்திக்கொண்ட செடி குளிருக்கு முன்பே பெரிதாகி, குளிரை உணரும் வயதுக்கு வந்துவிட்டது. அவருடையது சின்னதாகவே குளிர்காலத்தைக் கடந்தது. வசந்தத்தில் வெட்டுகிற ரகங்களை (டர்ஹம் ஏர்லி, ஆஃபன்ஹாம் போன்றவை) வட இங்கிலாந்தில் ஜூலைக் கடைசியிலும் தெற்கில் ஆகஸ்ட் நடுவிலும் விதைப்பார்கள். இலையுதிர் காலத்தில் தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள், பிப்ரவரிக்குப் பிறகு போடலாம். ஜனவரி கிங் ரகத்தின் கதை வேறு: அது குளிர்காலத்திலேயே வெட்டித் தின்ன வேண்டியது. வசந்தம்வரை வைத்திருந்தால் பூக்கத்தான் செய்யும்.

ஒரு செடியைப் பூக்கவிட்டு விதை எடுக்கலாமா? (பர்மிங்ஹாம்)

ஒரு செடியில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. முட்டைக்கோஸ் பொதுவாகத் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. இரண்டு மூன்று செடியாவது சேர்ந்து பூக்க வேண்டும். அப்படிப் பூத்தாலும், சுற்று வட்டாரத்தில் யாராவது கேல், புரோக்கலி, நூல்கோல், காலிஃபிளவர் எதையாவது பூக்கவிட்டிருந்தால் தேனீ கலந்துவிடும். அடுத்த வருடம் முளைப்பது எந்தக் காய் என்றே சொல்ல முடியாத ஒன்றாக இருக்கும். முள்ளங்கியால் இந்தத் தொல்லை இல்லை. பாக்கெட்டில் எஃப்-1 (முதல் தலைமுறைக் கலப்பின விதை) என்று போட்டிருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். அலாட்மெண்டில் முட்டைக்கோஸ் விதைக்கு மெனக்கெடுவது வீண் என்பது என் கருத்து.

சென்னை மாடித்தோட்டத்தில் முட்டைக்கோஸைப் பூக்க வைக்க முடியுமா? (அம்பத்தூர்)

நம் ஊர் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது. இந்தியாவில் கோல்டன் ஏக்கர் போன்ற ரகங்களுக்கு விதை எடுப்பது இமாச்சலத்தின் குல்லு பள்ளத்தாக்கு போன்ற குளிர்ப் பிரதேசங்களில்தான். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கட்ரைன் நிலையமும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் கடையில் விதை வாங்கிக்கொள்ளுங்கள்.

பூவில் தேனீ மொய்க்கிறது, பிடுங்க மனசு வரவில்லை. எவ்வளவு நாள் விடலாம்? (குரோய்டன்)

ஒன்றிரண்டு செடியை மே நடுப்பகுதிவரை விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். சாம்பல் அசுவினியும் வெள்ளை ஈயும் குளிர்காலம் முழுக்க இந்தப் பழைய செடிகளில்தான் ஒளிந்திருந்தன. நீங்கள் புது நாற்று நட்டதும் அதற்குத் தாவும். அப்புறம் அந்த இடத்தில் பீன்ஸ் போடலாம். தண்டைச் சுத்தியலால் நசுக்கியோ மண்வெட்டியால் கொத்தியோ உரக்குழியில் போடுங்கள், முழுசாகப் போட்டால் மக்கவே மக்காது. போடும் முன் வேரைப் பாருங்கள். முண்டும் முடிச்சுமாக வீங்கியிருந்தால் அது கிளப்ரூட் நோய். அந்தக் கிருமி மண்ணில் 20 வருடம்கூடக் கிடக்கும். அந்த வேர் உரக்குழிக்குப் போகவே கூடாது, நேரே குப்பைத்தொட்டிக்குத்தான்.