முடியில்லாமல் பிறந்த குட்டிகள்: தாய் ஆடுகளை விற்க வேண்டுமா?

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்கிறார்: "பன்னிரண்டு வெள்ளாடுகள் வைத்திருக்கிறேன். தை மாதம் மூன்று ஆடுகள் போட்ட குட்டிகள் உடம்பில் முடியே இல்லாமல், கழுத்து வீங்கிப் பிறந்து செத்துவிட்டன. நன்றாகப் பிறந்த இன்னொரு குட்டி மூன்றாவது வாரத்தில் பின்னங்காலை இழுக்கிறது. கிரகணம் என்கிறார்கள், போர்வெல் தண்ணீர் என்கிறார்கள். கார்த்திகையிலிருந்து முட்டைகோஸ் இலைதான் தீவனம். தாய்களை விற்றுவிடட்டுமா?"

விற்காதீர்கள். காரணத்தை நீங்களே தீவனத்தைப் பற்றிய வரியில் எழுதிவிட்டீர்கள்.

வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். தையில் ஈன்ற ஆடு ஆவணி வாக்கில் சினை பிடித்திருக்கும். கார்த்திகை, மார்கழியில் குட்டி வயிற்றுக்குள் வேகமாக வளரும். அந்த நேரத்தில் முட்டைகோஸ் இலையே வயிறு நிறைய என்றால் சிக்கல். கோஸ் வகைகளில் உள்ள சில பொருள்கள் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்கு அயோடின் கிடைக்காமல் தடுக்கும். தாய்க்கு வெளியே ஒன்றும் தெரியாது. குட்டியின் சுரப்பிதான் அயோடினுக்குத் தவித்து வீங்கும், முடியும் வளராது. சவுண்டல் தழையை மட்டுமே நம்பிப் போட்டாலும் இதே கதை நடக்கலாம்.

இனி ஒரு குட்டி இப்படிப் பிறந்தால் தாடைக்குக் கீழே, மூச்சுக்குழலின் இரண்டு பக்கமும் விரலை வைத்துப் பாருங்கள். நல்ல குட்டிக்கு ஒன்றும் தட்டுப்படாது. அயோடின் குறைந்த குட்டிக்குப் பாக்கு அளவிலோ, எலுமிச்சை அளவிலோ இரண்டு கட்டிகள் கையில் உருளும்.

காலை இழுக்கும் குட்டி வேறு விஷயம். தாமிரம் போதாத தாயின் குட்டிக்குத் தண்டுவட நரம்புகளின் மேலுறை சரியாக உருவாகாது. பிறக்கும்போது எழுந்து நிற்கும், சில வாரம் கழித்துப் பின்பக்கம் தள்ளாடும். நரம்பில் விழுந்த சேதம் திரும்பாது என்பதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. அடிபட்டும், மூட்டில் சீழ் பிடித்தும் கால் இழுக்கலாம் என்பதால் மருத்துவர் பார்த்து உறுதி செய்யட்டும்.

போர்வெல் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்குப் பழைய தொல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் அது முக்கியமாக வளரும் வயதில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். உங்கள் குட்டிகளின் அறிகுறிக்கு அதை முதலில் சந்தேகிக்க மாட்டேன். கிரகணத்தை விட்டுவிடுங்கள்.

வம்சத்தில் கோளாறு என்று பயந்துதான் விற்க நினைக்கிறீர்கள். 1930களில் டெக்சாஸில் ஃபிரெட் ஹேல் என்பவர் பெண்பன்றிகளுக்கு வைட்டமின் ஏ இல்லாத தீவனம் போட்டார். கண்விழியே இல்லாத குட்டிகள் பிறந்தன. அந்தக் குருட்டுக் குட்டிகளை நல்ல தீவனத்தில் வளர்த்து இணை சேர்த்தபோது அவற்றின் குட்டிகள் கண்ணோடு பிறந்தன. குறை தீவனத்தில் இருந்தது. கோடையில் வெறும் ராகித் தாளைத் தின்று நிற்கும் சினை மாடு குருட்டுக் கன்று போடுவதும் இதே வைட்டமின் குறைவால்தான். ஒரே கிடாயை அதன் மகள்களோடே விட்டிருந்தால் மட்டும் கிடாயை மாற்றுங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? முட்டைகோஸை முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. சினை ஆட்டுக்கு அது கொஞ்சமாக, மற்றப் பசுந்தழையோடு போகட்டும். வெள்ளாட்டுக்கான தாது உப்புக் கலவை பெரிய ஆட்டுக்கு நாளைக்கு 10 கிராம் போதும், அதில் அயோடினும் தாமிரமும் இருக்கிறதா என்று பையில் படியுங்கள். பட்டியில் செம்மறியும் இருந்தால் அதே கலவையைக் கொடுத்துவிடாதீர்கள், செம்மறிக்குத் தாமிரம் சீக்கிரம் நஞ்சாகும். கிடாய் சேர்ந்த முதல் ஒன்றரை மாதம் அல்பெண்டசோல் பூச்சி மருந்து வேண்டாம். அந்த நாள்களில்தான் உறுப்புகள் உருவாகின்றன, அம்மருந்து குட்டியின் எலும்புகளைக் கோணலாக்கக்கூடும். மருந்து அடித்த மாந்தோப்பிலும் மேயவிடாதீர்கள்.

அடுத்து ஏதாவது குட்டி செத்துப் பிறந்தால் உடனே புதைக்காதீர்கள். வெறுங்கையால் தொடாமல் பாலித்தீன் பையில் போட்டு, ஐஸ் வைத்து, அன்றைக்கே மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். ஆட்டில் கருச்சிதைவை உண்டாக்கும் சில நோய்கள் மனிதருக்கும் தொற்றும், அதையும் அங்கே பார்த்துச் சொல்வார்கள். எந்த மாதம் என்ன தீவனம், என்ன மருந்து என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே எடுத்துப்போங்கள்.