மூன்று தடவை ‘படலை’

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. பி.காம். இரண்டாம் வருஷத்தோடு கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அவள் அப்பாவுக்கு ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலை. அவர் வந்ததும் பின்பக்கம் குளித்து, உடை மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள் வர வேண்டும். அவர் தொட்ட கதவு, ஸ்விட்ச் எல்லாவற்றையும் நான் சோப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும். “கம்பெனித் தண்ணி என் மேல படலையே?” என்று கேட்பாள். நான் மூன்று தடவை “படலை” என்று சொல்ல வேண்டும். டாக்டர் ஓ.சி.டி. என்று மாத்திரை கொடுத்து ஒரு மாதம் ஆகிறது, பெரிய மாற்றமில்லை. ‘நீதான் செல்லம் கொடுத்துக் கெடுத்தாய்’ என்று வீட்டுக்காரர் கத்துகிறார். சோளிங்கர் தக்கான் குளத்தில் குளிக்க வைக்கலாம் என்கிறார் மாமியார். நான் செய்வது சரியா, தப்பா?
- வாலாஜாபேட்டை வாசகி

பதில்: அம்மா, முதலில் உங்கள் வீட்டுக்காரரின் பேச்சை எடுத்துக்கொள்கிறேன். செல்லம் கொடுத்து யாருக்கும் ஓ.சி.டி. வருவதில்லை. வேண்டாத பயம் திரும்பத் திரும்ப வர, அதைத் தணிக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற நோய் அது. பரம்பரை, மூளையின் இயக்கம் என்று பல காரணங்கள் சேர்ந்து வருகிறது. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிறது, பலருக்கு உங்கள் மகளின் வயதுக்குள்ளேயே. அதை நீங்கள் வரவழைக்கவில்லை. ஆனால் வந்ததற்குத் தினமும் சோறு போடுவது யார் என்று கேட்டால், அதில் உங்கள் கையும் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த ‘படலை’யையே பாருங்கள். இரண்டாவது தடவை நீங்கள் கொஞ்சம் அலுப்போடு சொல்லிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வாள், இல்லையா? மூன்றும் ஒழுங்காக விழுந்தால் முகம் தெளியும். பத்து நிமிஷம் நிம்மதி. அப்புறம் மறுபடியும் அடுப்படி வாசலில் வந்து நிற்பாள். அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் மூளை படிக்கிற பாடம், ‘அம்மா சொன்னதால்தான் தப்பித்தேன்’ என்பது. பயம் தானாகவே தணியும் என்பதையோ, அது இருக்கும்போதே மற்ற வேலையைப் பார்க்கலாம் என்பதையோ படிக்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. நோயின் சட்டத்துக்கு வீடே இப்படி வளைந்து கொடுப்பதை அளப்பதற்கென்று 1990-களிலேயே அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். நீங்கள் ஒருத்தர் மட்டும் செய்கிற தப்பு இல்லை இது. ஓ.சி.டி. உள்ள வீடுகளில் பெரும்பாலானவற்றில் நடப்பதுதான். வீடு வளைய வளைய நோய் தடிக்கிறது என்பதும் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம்.

உங்கள் மகள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு குவிந்து கிடப்பதும், நிலத்தடி நீர் கெட்டதும் ஊரறிந்த கதை. அவள் பயம் முழுப் பொய் என்று நானே சொல்ல மாட்டேன். இந்த நோய்க்குப் பிடித்துக்கொள்ள ஒரு துளி நிஜம் போதும். அதனால் ‘அப்பா குளிச்சிட்டாரு, ஒண்ணும் ஒட்டாது’ என்று வாதாடாதீர்கள். நீங்கள் ஒரு காரணம் சொன்னால் அது பத்து சந்தேகம் கேட்கும். வேலை முடிந்து வருகிறவர் கைகால் கழுவி உடை மாற்றுவது நல்ல பழக்கம், அது இருக்கட்டும். அதற்கு மேல் உள்ளதெல்லாம் நோயின் கணக்கு.

இதற்கான சிகிச்சையில் மாத்திரையோடு ஒரு பயிற்சியும் உண்டு. பயப்படுகிற பொருளைப் படிப்படியாகத் தொடுவது, தொட்ட பிறகு கழுவாமல் இருப்பது. 1966-இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் லண்டனில் இந்த வழியில் இரண்டு பேருக்குச் சிகிச்சை செய்து எழுதினார். இன்றைக்கும் முதல் சிகிச்சைகளில் ஒன்று இதுதான். மகளுக்கு இது கிடைக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை சரியாக வேலை செய்ய 8 முதல் 12 வாரம் ஆகலாம், அளவையும் கூட்ட வேண்டி வரலாம். ஒரு மாதத்தில் தீர்ப்பு எழுத வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இனி உங்கள் பங்கு. நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். சொல்லாமல் நிறுத்தினால் அது அவளுக்குத் துரோகமாகப் படும். அவள் அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில் உட்காரவைத்து, “உன்னை இல்ல, இந்த நோயைத்தான் பட்டினி போடப் போறோம்” என்று சொல்லுங்கள். எதை முதலில் விடுவது என்று அவளையே கேளுங்கள். ஸ்விட்சைத் துடைப்பதாக இருக்கலாம், மூன்று ‘படலை’யை இரண்டாகக் குறைப்பதாக இருக்கலாம். எது லேசோ அதில் ஆரம்பியுங்கள். அவள் கேட்கும்போது, “இதுக்கு இனிமே பதில் சொல்லலைன்னு பேசிக்கிட்டோம்ல. கஷ்டமா இருக்குன்னு தெரியுது. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு நிஜமாகவே உட்காருங்கள். முதல் சில நாள் அழுகையும் கெஞ்சலும் கூடும். அந்த நேரத்தில் இரக்கப்பட்டு ஒரே ஒரு ‘படலை’ சொல்லிவிட்டால், இன்னும் கொஞ்சம் அழுதால் கிடைக்கும் என்று நோய் தெரிந்துகொள்ளும்.

வீட்டுக்காரருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். ஐயா, நீங்கள் கத்துவதும் நோய்க்குத் தீனிதான். கத்தினால் பதற்றம் ஏறும், ஏறினால் இன்னும் இரண்டு பக்கெட் தண்ணீர் போகும். இருவரும் ஒரே பதிலைச் சொல்லாவிட்டால் அவள் உங்களிடமிருந்து அம்மாவிடம் ஓடுவாள்.

குடும்பத்தை வெளியே நிறுத்திவிட்டு மனநோயைப் பார்க்க முடியாது என்பது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. பாகாயத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957-இல் தொடங்கிய காலத்திலிருந்தே நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்குவது அங்கே வழக்கம். வேலூரிலிருந்து டவுன் பஸ் போகும். அரசு மருத்துவமனை என்றால் அடுக்கம்பாறையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரோடு இருந்து என்ன பயன் என்கிற மாதிரி அவள் பேசினால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும் தேதிவரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

சோளிங்கரா? தாராளமாகப் போய் வாருங்கள். மாமியார் மனசும் குளிரட்டும். குளத்தில் இறங்குவதா வேண்டாமா என்பதை மகளே சொல்லட்டும். மாத்திரையை மட்டும் அன்றைக்கும் விடக்கூடாது. மலைக்கு இப்போது ரோப் கார் இருக்கிறது, எத்தனையோ பேர் பிடித்த கம்பியை அவளும் பிடிக்க வேண்டியிருக்கும். அவளுக்கென்று தனி விரிப்பு, தனித் தண்ணீர், பையில் சோப்பு என்று மூட்டை கட்டுவீர்களே, அதில் எதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று முந்தின நாள் ராத்திரியே அவளோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.