ஒரு கிலோ சூரியன்

அன்புள்ள ஐயா,

எனக்கு 46 வயது. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். படித்தது பி.காம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி கரண்ட் போய் மொட்டைமாடியில் படுத்திருந்தேன். அன்றைக்குத் தொடங்கியது. முதலில் நட்சத்திரங்களின் பெயர், அப்புறம் கருந்துளை, அப்புறம் எப்படியோ குவாண்டம். இப்போது தினமும் பதினொரு மணிக்கு மேல் வீடியோவும், பிளஸ் டூ படிக்கும் மகளின் இயற்பியல் புத்தகமுமாகப் போகிறது. "இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அத்தனை பெரிய நட்சத்திரமும் இத்தனூண்டு அணுவும் ஒரே சமயத்தில் இழுக்கின்றனவே, மனசு நிலையில்லாமல் அலைகிறதா? கணிதம் தெரியாமல் இதையெல்லாம் படிப்பது வெறும் கதை கேட்பதுதானா? ‘நாம் பார்ப்பதால்தான் உலகம் இருக்கிறது என்று குவாண்டம் நிரூபித்துவிட்டது’ என்று நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அது சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மனசு அலையவில்லை. நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டே போனால் அணுவில்தான் போய் நிற்க வேண்டும், வேறு வழி கிடையாது. எனக்கு அது புரிந்த இடம் சமையலறை. உப்புப் போட்ட கஞ்சி பொங்கி அடுப்பில் வழியும்போது நீலத் தீ சட்டென்று மஞ்சளாகும், பார்த்திருப்பீர்கள். உப்பில் இருக்கிற சோடியத்தின் நிறம் அது. சோடியம் எங்கே சூடானாலும் அந்த மஞ்சளைத்தான் தரும், துளி பிசகாது.

ஒரு அட்டைப்பெட்டியில் பிளேடால் மெல்லிய கீறல் போடுங்கள். எதிர்ப்பக்கம் பழைய சிடித் துண்டு ஒன்றைச் சாய்த்து ஒட்டி, மேலே பார்க்க ஒரு ஓட்டை வையுங்கள். கீறலை எல்இடி பல்பின் பக்கம் திருப்பினால் விட்டுப்போகாத வானவில் தெரியும். பழைய டியூப் லைட்டின் பக்கம் திருப்பினால் வானவில் உடைந்து பச்சை, ஊதா என்று தனித்தனிக் கோடுகளாக நிற்கும். அந்தப் பச்சை பாதரசத்தினுடையது. நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது என்று அங்கே போகாமலே சொல்கிறார்களே, அது இந்தக் கோடுகளைப் படித்துத்தான்.

1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூர், மசூலிப்பட்டினம் வழியாக நிழல் போனது. சூரியனின் விளிம்பில் எழுந்த சுடர்களின் ஒளியில், சோடியம் கோட்டுக்கு மிக அருகில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அருகில்தான், அதே இடத்தில் இல்லை. அந்த வருடம் அக்டோபரில் லண்டனில் லாக்யர் என்ற வானியலாளர் அதே கோட்டைப் பார்த்தார். பூமியில் தெரிந்த எந்தப் பொருளுக்கும் அது பொருந்தவில்லை. ஹீலியம் என்று பேர் வைத்தார்கள். அந்த ஹீலியம் பூமியில் கைக்குக் கிடைத்தது 1895இல்தான். கோடுகள் ஏன் அந்தந்த இடத்தில் மட்டும் விழுகின்றன என்பதற்குப் பதிலோ, 1913இல் நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர் அணுவுக்குள் எலக்ட்ரானுக்குப் படிகள் வைத்த பிறகுதான் வரத் தொடங்கியது. இப்படிப் படிப்படியாக மட்டுமே வரும் அளவுக்குப் பெயர்தான் குவாண்டம்.

சாஹா, பெய்ன் என்ற இரண்டு விஞ்ஞானிகளையும் தேடிப் படியுங்கள். சூட்டுக்குத் தக்கபடி அணு எலக்ட்ரானை எப்படி இழக்கும் என்று 1920இல் மேகநாத் சாஹா ஒரு சமன்பாடு எழுதினார். அதை வைத்து 1925இல், 25 வயதில், நட்சத்திரங்களில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன்தான் என்று சிசிலியா பெய்ன் கணக்கிட்டுக் காட்டினார். பெரியவர்கள் ஏற்கவில்லை. தன் முடிவு அநேகமாக உண்மை இல்லை என்று அவரே தன் ஆய்வேட்டில் எழுதவேண்டி வந்தது. எனக்கு இன்னும் ஆறாத இடம் அது.

அடுத்து கணிதம். நான் படித்தது தமிழ் இலக்கியம். ஆனால் ஒரு கணக்கை என் கையால் போட்டேன், நீங்களும் போட வேண்டும். சூரியன் ஒரு விநாடிக்கு வெளிவிடும் சக்தி 3.8 பெருக்கல் 10இன் அடுக்கு 26 வாட். அதன் எடை 2 பெருக்கல் 10இன் அடுக்கு 30 கிலோ. வகுங்கள். ஒரு கிலோவுக்கு 0.00019 வாட் வரும். இப்போது உங்களைக் கணக்கில் எடுங்கள். நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவரின் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பம் விடுகிறது. எடை 65 கிலோ என்றால் கிலோவுக்கு 1.5 வாட். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சூரியனைவிட நீங்கள் ஏழாயிரம் மடங்குக்கு மேல் தகிக்கிறீர்கள்!

தப்புப் போட்டுவிட்டேன் என்று நினைத்து நான் நான்கு முறை பூஜ்யங்களை எண்ணிப் பார்த்தேன். தப்பு இல்லை. சூரியன் சுடுவது அது அவ்வளவு பெரிதாக இருப்பதால். உள்ளே எரிவதென்னவோ மிக மிக மெதுவாகத்தான்.

ஏன் இவ்வளவு மெதுவு? அங்கேதான் உங்கள் குவாண்டம் நிற்கிறது. இரண்டு புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன் அணுவின் கருக்கள், ஒட்டினால்தான் சூரியனில் நெருப்பு. ஆனால் இரண்டும் நேர்மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை ஆயிரம் அடிச் சுவர் என்று வைத்துக்கொண்டால், 1.5 கோடி டிகிரி சூட்டில்கூட ஒரு புரோட்டானால் சராசரியாக ஓரடி உயரம்தான் ஏற முடியும். பழைய இயற்பியலின்படி சூரியன் எரியவே கூடாது. சுவரை ஏறாமலே துகள் அந்தப் பக்கம் போய்விட ஒரு சிறு வாய்ப்பு உண்டு என்று 1928இல் காமாவ் என்ற இயற்பியலாளர் அணுக்கருவுக்குக் காட்டினார். மறு வருடமே அட்கின்சனும் ஹௌட்டர்மான்ஸும் அதை நட்சத்திரங்களுக்குப் பொருத்தினார்கள். சுவரைத் தாண்டினாலும் போதாது. அந்தக் கணத்திலேயே ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறவும் வேண்டும், அது அதைவிட அரிது. ஒரு புரோட்டானுக்கு இது வாய்க்க, சராசரியாக ஆயிரம் கோடி ஆண்டு என்ற அளவில் காத்திருக்க வேண்டும். அந்தத் தாமதத்தால்தான் சூரியன் 460 கோடி ஆண்டாக எரிகிறது, நாம் இருக்கிறோம். அந்த ஒரு கிலோ வகுத்தலை உங்கள் கையால் போட்டுவிட்டால் அப்புறம் அது கேட்ட கதையாக இருக்காது. பி.காம். கணக்கு இதற்குத் தாராளம்.

வாட்ஸ்அப் செய்தி சரியில்லை. ‘அப்சர்வர்’ என்ற சொல்லைத் தமிழில் ‘பார்ப்பவர்’ என்று எழுதிவிட்டோம், உடனே அதில் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்துவிட்டார். ஆய்வுக்கூடத்தில் ‘பார்ப்பது’ பெரும்பாலும் ஒரு கருவி. பிரபலமான ஒரு சோதனையில் துகள்களை இரண்டு பிளவுகள் வழியாக விட்டால் எதிரே திரையில் அலைகளைப் போலப் பட்டைகள் விழும். துகள் எந்தப் பிளவு வழியாகப் போனது என்ற தடயம் எங்காவது பதிந்தாலே போதும், அந்தப் பட்டைகள் மறைந்துவிடும். அறையில் ஆள் இருக்கத் தேவையில்லை. அளவிடும் கணத்தில் சரியாக என்ன நடக்கிறது என்பதில் இயற்பியலாளர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லைதான். ஆனால் சூரியனுக்குள் புரோட்டான்கள் சுவர் தாண்டத் தொடங்கியபோது பார்க்க எந்தக் கண்ணும் இல்லை. நண்பர்களிடம் சண்டை வேண்டாம், இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் வீட்டம்மாவை ஒரு நாள் அந்தப் பெட்டி வழியாக டியூப் லைட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மகளுக்குப் பொதுத்தேர்வு வருகிறது, புத்தகம் அவளிடமே இருக்கட்டும். பாடநூல் கழகத்தின் தளத்தில் பிளஸ் டூ இயற்பியல் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டாம் தொகுதியை இறக்கிக்கொண்டு, அணுக்கரு இயற்பியல் வரும் பாடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.