கரண்ட் போன நேரத்தில் கேளுங்கள்

ஐயா, வணக்கம். ஸ்வீடனின் பழைய கிரிமெட்டன் வானொலி நிலையத்தை 17.2 கிலோஹெர்ட்ஸில் பிடிக்க ஆசை. கணினியில் செருகும் ரேடியோ டாங்கிள் வாங்கி, மொட்டைமாடியில் 20 மீட்டர் கம்பியும் கட்டிவிட்டேன். இரைச்சல் மட்டும்தான் வருகிறது. 40 டெசிபல் ஆம்ப்ளிஃபயர் போட்டால் சரியாகுமா? விஜயநாராயணம் கடற்படை நிலையத்திலிருந்து நீர்மூழ்கிகளுக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வழி உண்டா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

சில நாட்களாக இந்த இரைச்சலைப் பற்றித்தான் எழுத நினைத்திருந்தேன். சரியான நேரத்தில் உங்கள் கடிதம்.

டாங்கிளை எடுத்து வையுங்கள். சாதாரண டாங்கிள் 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. நீங்கள் தேடுவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கணினியின் மைக் துளை போதும். நொடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் சவுண்ட் கார்டு 24 கிலோஹெர்ட்ஸ் வரை காட்டும். மைக் அமைப்பில் இரைச்சல் குறைப்பு, தானியங்கி ஒலியளவு இரண்டையும் அணைத்துவிடுங்கள். கிரிமெட்டன் தினமும் ஒலிப்பதில்லை. அலையை உண்டாக்கும் 1924-இன் அந்தச் சுழல் இயந்திரத்தை ஜூலைத் தொடக்கத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளிலுமாக வருடத்தில் சில முறைதான் ஓட்டுகிறார்கள். விஜயநாராயணத்துச் செய்தி சங்கேதமாக்கப்பட்டது, உங்களுக்குக் கரகரப்பாகத்தான் கேட்கும். அந்த ஆசையை விடுங்கள்.

ஆம்ப்ளிஃபயருக்கு வருகிறேன். தம்பி, கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன்: கடையில் காசைக் கொடுப்பதற்கு முன் வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தீர்களா? இண்டக்‌ஷன் அடுப்பு 20 முதல் 40 கிலோஹெர்ட்ஸில் துடிக்கிறது. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர், மாடியில் சோலார் இன்வெர்ட்டர் எல்லாமே நீங்கள் கேட்க நினைக்கும் அதே இடத்தில்தான் கத்துகின்றன. 40 டெசிபல் போட்டால் அலையும் நூறு மடங்கு பெருகும், அடுப்பும் நூறு மடங்கு பெருகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள விகிதம் இம்மியும் நகராது. இந்த அலைவரிசையில் காதைக் கூர்மையாக்கிப் பயனில்லை, வீட்டைத்தான் அமைதியாக்க வேண்டும்.

அடுத்த முறை கரண்ட் போனதும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள். லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டி, அலைப்பட்டையை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பலம் என்ற படத்தை, திரையில் பாருங்கள். வழக்கமாக 50, 100 ஹெர்ட்ஸ் இடைவெளியில் சீப்புப் பற்களாக நிற்கும் கோடுகளில் எத்தனை மறைகின்றன என்று எழுதிவையுங்கள். தெருவே இருண்டிருக்கும் அந்த அரைமணி நேரம் ஆயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபயரை விட மேல். கரண்ட் வந்ததும் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள், குற்றவாளி தானாகத் தெரிவான்.

கம்பியையும் கழற்றுங்கள். செங்குத்துக் கம்பி மின்புலத்தை எடுக்கிறது, வீட்டு வயரிங்கின் குப்பை பெரும்பாலும் அதில்தான். அதற்குப் பதில் காந்தப்புலத்தை எடுக்கும் சுருள் ஒன்று செய்யுங்கள். ஒரு மீட்டர் சதுர மரச்சட்டத்தில் 30 சுற்றுச் சுற்றினால் 120 மீட்டர் கம்பி ஆகும். மோட்டார் வைண்டிங் கடையில் 25 கேஜ் எனாமல் கம்பி கால் கிலோ கேளுங்கள், போதும். அந்தச் சுருளுக்கு ஏறக்குறைய 3.4 மில்லிஹென்றி இருக்கும். குறுக்கே 22.5 நானோஃபாரட் கப்பாசிட்டர் வைத்தால் சுருள் ஒத்திசைந்து பிடிப்பது 18.2 கிலோஹெர்ட்ஸ், அதாவது விஜயநாராயணம். 19 நானோஃபாரட் என்றால் 19.8, ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலுள்ள என்.டபிள்யூ.சி. என்ற கடற்படை நிலையம்.

கப்பாசிட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். பாலிப்ரொப்பிலீன்தான் வாங்குங்கள். மலிவான செராமிக் வட்டு சித்திரை வெயிலில் மூன்று சதவீதம் மாறினாலே ஒத்திசைவு 270 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். சுருள் நன்றாகப் பிடிக்கும் பட்டையின் அகலமே ஏறத்தாழ 480 ஹெர்ட்ஸ்தான். அலையின் பலம் மாறியதாகத் தோன்றும், இந்த அலைகளைப் பாதிக்கும் சூரியத் தீப்பிழம்பு (சூரியனில் திடீர் வெடிப்பு) என்று தேதி போட்டு எழுதிவிடுவீர்கள். தீப்பிழம்பின் விளைவு சில நிமிடங்களில் சட்டென்று ஏறி, அரைமணி, ஒருமணி என்று மெல்ல இறங்கும். கப்பாசிட்டரின் மாற்றம் வெயிலோடு ஏறி வெயிலோடு இறங்கும். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சுருளை நேராக மைக்கில் செருகாதீர்கள். மைக் துளையில் வரும் இரண்டு மூன்று வோல்ட்டைச் சுருளின் 10 ஓம் தரையோடு சேர்த்துவிடும். மைக்கின் குறைந்த மின்தடை ஒத்திசைவையும் மழுக்கிவிடும். நடுவில் இரண்டையும் பிரித்து வைக்க டி.எல்.071 என்ற ஆப்-ஆம்ப் சிப் ஒன்றை வையுங்கள், பிறகு ஒரு மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வழியாக மைக். மின்சாரம் இரண்டு 9 வோல்ட் பேட்டரியிலிருந்து, அடாப்டர் கூடவே கூடாது.

திருச்சிக்கு ஒரு வசதி. விஜயநாராயணம் உங்களுக்குத் தெற்கே, சற்று மேற்காக, 300 கிலோமீட்டருக்குள். என்.டபிள்யூ.சி. தென்கிழக்கே 5,000 கிலோமீட்டருக்கு அப்பால். சட்டத்தின் முகத்தை விஜயநாராயணம் பக்கம் திருப்புங்கள்: அந்தப் பலத்த அலை அமுங்கும், விளிம்பு ஏறக்குறைய ஆஸ்திரேலியாவைப் பார்த்து நிற்கும்.

கரண்ட் போன ஒரு மாலையின் பதிவை அனுப்புங்கள். 19.8-இல் ஒரு பட்டை தெரிந்தால் ஆம்ப்ளிஃபயர் பேச்சை அப்போது எடுப்போம்.